முட்டை நாத்த டீச்சர்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கே பிடிக்காது. “பேரைச் சொல்லாதீங்க, குணத்தைச் சொல்லுங்க” என்பதுதான் காலையில் எழுந்ததிலிருந்து அவர் பேச்சு. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, போத்தலில் இருப்பது அயடீன் என்று சரியாகச் சொன்னாலும் உட்கார விடமாட்டார். என்ன நிறம், என்ன வாடை, சூடாக்கினால் உருகுமா, நேரே ஆவியாகுமா, எதோடு சேரும், எதைக் கண்டால் ஒதுங்கும் என்று எல்லாம் சொன்ன பிறகுதான் பெயருக்கு இடம். வகுப்போடு நின்றால் பரவாயில்லை. வாசலில் கங்காணி வந்திருக்கிறார் என்று நான் உள்ளே வந்து சொன்னால், “அது பேரு. கோபமா வந்திருக்காரா, சும்மா வந்திருக்காரா?” என்பார். நான் திரும்பவும் வாசலுக்குப் போய்க் கங்காணியின் முகத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

இது அறுபதுகளின் தொடக்கத்தில். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினால் வரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் ஆசிரியை. அவர் இரசாயனம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் அக்கா. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகள். திருச்சிக்குப் போய்ப் படித்துப் பட்டத்தோடு திரும்பி வந்திருந்தார். எங்கள் பள்ளியில் மேல் வகுப்பும், அதில் விஞ்ஞானமும் அவர் வந்த பிறகுதான் தொடங்கின. சுற்றியிருந்த தோட்டங்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிக்க வேறு இடம் கிடையாது. ஆய்வுகூடம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது தோட்டத்தின் பழைய அரிசி ஸ்டோரை. தோட்டத்தை நடத்தும் துரை இரவலாகக் கொடுத்திருந்தார். கூரை ஒழுகும், மூலையில் எலி ஓடும். அதற்குக் கொஞ்சம் கீழே தேயிலைத் தொழிற்சாலை இருந்தது.

ஆசிரியைகள் இருவருக்கும் ஒரே குவாட்டர்ஸ், ஒரே குசினி. என் பாடு அங்கேதான் தொடங்கியது.

சுவரில் அவர் ஒரு பெரிய அட்டவணை மாட்டியிருந்தார். மூலகங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும். மேலிருந்து கீழாக ஒரே நிரலில் நிற்பவை ஒரு குடும்பம். அட்டவணையின் இடது பக்கத்து உலோகங்களை ஒரு மாதத்தில் முடித்துவிட்டார். வலது பக்கத்து ஆறு குடும்பங்களுக்கு வருஷம் முழுவதும் போதவில்லை. “வலது பக்கத்துலதாங்க ஒரே வீட்டுல காத்தும் பொறக்குது, கல்லும் பொறக்குது” என்பார். காபனும் ஈயமும் ஒரே குடும்பமாம். அடுப்புக்கரியும் தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தகடும் எப்படி உறவு என்று நான் கேட்டது என் தவறு. அன்றைக்குச் சோறு குழைந்துபோகும்வரை பதில் சொன்னார்.

குசினியில் நான் ஒழுங்காக வைத்திருந்த டின்களை ஒரு நாள் குடும்ப வாரியாக மாற்றி அடுக்கிவிட்டார். உப்பில் குளோரீன் இருக்கிறதாம். அதனால் உப்பு டின்னுக்குப் பக்கத்தில் கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர், அதற்குப் பக்கத்தில் புண்ணுக்குப் போடும் அயடீன் டிஞ்சர். சொந்தக்காரர்கள் எல்லாம் வரிசையாக. அவசரத்தில் பருப்புக்குள் ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடரைப் போடப் போனேன். நல்லவேளை, மூக்கு காப்பாற்றியது. நான் கத்தினேன். அவர் அமைதியாக, “பாத்தீங்களா, நெறத்தை நம்பக் கூடாது. வாடையையும் பாக்கணும்” என்றார். எனக்குப் பாடம் நடத்திவிட்டாராம். டின்களை நான் பழையபடி மாற்றி வைத்தேன், அவர் திரும்பவும் மாற்றினார். கடைசியில் உப்பை என் பெட்டிக்குள் சேலைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

கட்டிலுக்கடியில் நடந்ததைச் சொன்னால் இன்றைக்கும் என் குரல் ஏறும். துடைப்பத்தை விட்டுக் கூட்டும்போது என் கட்டிலுக்கடியில் ஒரு கண்ணாடிப் போத்தல் தட்டுப்பட்டது. தண்ணீருக்குள் மஞ்சளாய், மெழுகுபோல ஒரு துண்டு. என்ன என்று கேட்டேன். பொஸ்பரஸ் என்றார். தண்ணீரை விட்டு எடுத்தால் தானாகப் பற்றிக்கொள்ளுமாம். ஆய்வுகூடத்தில் எலி போத்தலை உருட்டிவிடும் என்று பயந்து பத்திரமாக இங்கே வைத்தாராம். உங்கள் கட்டிலுக்கடியில் வைப்பதுதானே என்றேன். தன் கட்டில் கால் ஆடுகிறது, என்னுடையதுதான் உறுதி என்றார். இதையெல்லாம் ஒரு குறும்பும் இல்லாமல் சொல்வார், அதுதான் கூடுதல் எரிச்சல். அதோடு விட்டாரா? அதே குடும்பத்தில் மூத்தது நைதரசன், நாம் மூச்சுவிடும் காற்றில் முக்கால்வாசி அதுதான், எதையும் ஒன்றும் செய்யாமல் சாதுவாகக் கிடக்கிறது, அடுத்ததாகப் பிறந்தது பாருங்கள் காற்றைக் கண்டதும் எரிகிறது, மூத்ததை வைத்துக் குடும்பத்தை எடைபோடக் கூடாது என்று விளக்கினார். நான் கேட்டதெல்லாம் அந்தப் போத்தலை எடுப்பாரா மாட்டாரா என்பதுதான்.

ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் அவரிடம் பதில் வாங்கியவர்களை நான் கண்டதில்லை. அவருக்கு வரன் கொண்டுவந்த உறவுக்காரர் ஒருவர், நல்ல குடும்பம், கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்கலாம் என்றார். குடும்பத்தைப் பற்றித் தெரிந்தது, இவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் அக்கா. கோபம் வந்தால் என்ன செய்வார், யாரும் இல்லாத இடத்தில் எப்படி இருப்பார், அம்மாவின் முன்னால் ஒரு மாதிரியும் வெளியே வேறு மாதிரியும் இருப்பாரா என்று கேட்கக் கேட்க உறவுக்காரருக்கு வேர்த்துவிட்டது. நான் ஊற்றிவைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். கீழே ஸ்டேஷன் பக்கம் முஸ்லிம் கடைக்காரரான நானாவிடம் உட்கார்ந்து, ஐந்தாறு வடை தின்றுவிட்டு அடுத்த ரயிலில்தான் போனார் என்று பிறகு தெரிந்தது.

இந்த மாதிரி ஆளுக்குத் துரை ஓர் எச்சரிக்கை விட்டிருந்தார். கந்தகக் குடும்பத்தைப் பாடம் நடத்தும்போது வந்த வினை அது. தண்ணீரும் அந்தக் குடும்பத்துச் சரக்குதான், அதில் ஒட்சிசனுக்குப் பதில் கந்தகத்தைப் போட்டால் என்ன ஆகிறது என்று காட்டுகிறேன் என்று ஐதரசன் சல்பைடு தயாரித்தார். அழுகிய முட்டை நாற்றம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் வரைக்கும் போனது. கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து லயத்தில் அவருக்கு முட்டை நாத்த டீச்சர் என்று பெயர். தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் கொதித்துப்போய் வந்தார். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் மண்ணெண்ணெய் இருந்தால் மண்ணெண்ணெய் வாடை, கருவாடு இருந்தால் கருவாட்டு வாடை. அதனால் தொழிற்சாலைக்குள் வெற்றிலைகூடப் போடவிடமாட்டார்கள். அந்தத் தடவை தேயிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் துரை ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை முறைப்பாடு வந்தால் அரிசி ஸ்டோரின் சாவி தன் கைக்கு வந்துவிட வேண்டும்.

அந்தக் கட்டடம் போனால் விஞ்ஞான வகுப்பு போகும், வகுப்பு போனால் அந்தப் பிள்ளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவார்கள். அக்காவுக்கும் அது தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாயுவையும் தயாரிக்கும் முன் வெளியே போய் ஊதுவத்தி கொளுத்தி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அடுத்துக் குளோரீன் குடும்பம் வந்தது. மூத்ததாகிய புளோரீனை நல்லவேளையாகச் செய்து காட்ட முடியாது. குளோரீன் பச்சையும் மஞ்சளுமான வாயு, புரோமீன் கபில நிறத் திரவம், அயடீன் கறுப்புத் திண்மம். கீழே போகப் போக நிறம் ஏறும், வேகம் குறையும். இதைக் காட்ட ஜாம் போத்தல் ஜாம் போத்தலாகக் குளோரீன் பிடித்தார். போத்தல்கள் நானாவின் கடையிலிருந்து நான் சுமந்து வந்தவை. ஈரச் செம்பருத்திப் பூவை உள்ளே போட்டால் வெளுத்துப்போனது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வகுப்பு முடிந்ததும் மிஞ்சிய வாயுவை என்ன செய்வது? குளோரீன் காற்றைவிடக் கனம். அதனால் அக்கா அதைக் காற்றில் விடவில்லை. தேயிலைக்கு இடையே மழைநீர் ஓட வெட்டியிருக்கும் கானில், ஒவ்வொரு போத்தலாகக் கவிழ்த்து ஊற்றினார். தண்ணீர்போலவே கீழே இறங்கி ஓடையில் போய்ச் சேர்ந்துவிடுமாம். கணக்கு சரியாகத்தான் பட்டது.

சில வாரங்கள் கழித்துக் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. எங்கள் தொழிற்சாலையிலிருந்து போன தேயிலையில் ஒரு நாளைய உற்பத்தி மட்டும் கெட்டிருக்கிறது, சுவைத்துப் பார்ப்பவர் துப்பிவிட்டார், ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது.

எனக்கு உயிர் வந்தது. அழுகிய முட்டை வாடை என்று சொல்லவில்லை, ஆஸ்பத்திரி வாடை என்றுதானே சொன்னார்கள்! எங்கள் மேல் யாரும் சந்தேகப்படவும் இல்லை. டீமேக்கருக்கு ஆள் கைவசம் இருந்தது. சல்லடை அறையில் வேலை செய்யும் மாரியாயி. அந்த நாட்களில் தகரம் கிழித்த விரலுக்கு, தோட்டத்து மருந்துக்காரர் மருந்து வைத்துக் கட்டியிருந்தார். அந்தக் கட்டோடு வேலைக்கு வந்து தேயிலையைத் தொட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாடை வேறு எங்கிருந்து வரும்? அவள் பேரை வெட்டிவிட்டார்கள். பேர் வெட்டினால் வேலை மட்டுமல்ல, லயத்துக் காம்பராவும் போகும். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புருஷன் இல்லாதவள். அவள் மகள் எங்கள் விஞ்ஞான வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை.

அக்கா இந்தச் செய்தியைக் கேட்டதும், ஆஸ்பத்திரியில் எந்த வாடை என்று கேட்டார். டிஞ்சரா, ஈதரா, தரை கழுவுகிற மருந்தா, ஆஸ்பத்திரி வாடை என்பது பேர், குணத்தைச் சொல்லவில்லையே என்றார். நமக்கெதற்கு என்று பேச்சை மாற்ற, என் ஊதாச் சேலையைப் பற்றிப் புலம்பத் தொடங்கினேன். வேலியில் காயப்போட்டிருந்த சேலை, கரைப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு வெளுத்துப்போயிருந்தது. புதுச் சவர்க்காரம் செய்த வேலை என்று நானாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். அக்கா சேலையைக் கையில் வாங்கிப் பார்த்தார். எந்த வேலியில் காயப்போட்டேன் என்று கேட்டார். கான் ஓரத்து வேலியில், தொழிற்சாலைக்குப் போகிற வழியில். என்றைக்கு என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். செம்பருத்தி வெளுத்த அன்றைக்குத்தான்.

சேலையை வைத்துவிட்டுக் கான் ஓரமாகவே கீழே இறங்கிப் போனார். நானும் பின்னால் ஓடினேன். கான் தொழிற்சாலையின் பின்புறம் வளைந்து திரும்பும் இடத்தில், கொழுந்து வாட்டும் மேல் மாடியின் ஜன்னல்கள் மலைச்சரிவை ஒட்டிக் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன. உள்ளே பெரிய காற்றாடிகள் சுழன்று வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. கானில் கிடந்த சருகுகூட அந்தப் பக்கம் இழுபட்டது. கனமான வாயு கீழே இறங்கும் என்ற கணக்கில் இந்தக் காற்றாடிகள் இல்லை.

நான் சொன்னேன், அதிலிருந்து என்ன, குளோரீனுக்கு ஆஸ்பத்திரி வாடை கிடையாதே என்று. தெரியாத்தனமாக நானே குணத்தைப் பற்றிப் பேசிவிட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பம் தனியாக இருக்காதாம், ஓர் இலத்திரன் குறைவாகப் பிறந்தது, எதையாவது பிடித்துக்கொள்ளும்வரை அதற்கு ஓய்வு கிடையாதாம். கொழுந்தில் இருக்கிற சத்தோடு சேர்ந்தால் அதன் வாடை மாறும், சேர்ந்த பிறகு தாயைப் போலவும் இருக்காது, தகப்பனைப் போலவும் இருக்காது, செய்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

செய்தும் பார்த்தார். என் குசினியில், என் சட்டியில். கொழுந்தைப் பரப்பி வாட்டி, கையால் கசக்கி, கறுக்க விட்டு, சட்டியில் வறுத்தார். ஒரு பங்கு சும்மா. ஒரு பங்கைக் குளோரீன் காட்டி வாட்டினார். இன்னொரு பங்கை, மருந்துக்காரரிடம் வாங்கி வந்த அதே மருந்தில் நனைத்த துணியால் பிசைந்தார். மூன்றையும் ஊற்றி வரிசையாக வைத்து, பெயர் சொல்லாமல் என்னைக் குடிக்கச் சொன்னார். நல்ல தேநீர் ஒன்று. மருந்துத் துணிபட்டது லேசாக நெடி அடித்தது, ஆறியதும் அதுவும் தெரியவில்லை. மூன்றாவதை, குளோரீன் காட்டியதை, வாயில் வைத்தவுடன் துப்பினேன். நுவரெலியா ஆஸ்பத்திரி வார்டைக் காலையில் கழுவிவிட்ட வாடை அப்படியே இருந்தது. டீமேக்கரிடம் கெஞ்சி வாங்கி வந்த கெட்டுப்போன தேயிலையையும் ஊற்றிக் கொடுத்தார். அதே வாடை.

என் நாக்கைக்கொண்டே என் வாயை அடைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் சாதாரணமானதல்ல. உலகத்தில் யாராவது தனக்கு எதிராகத் தானே ராப்பகலாக உழைத்துச் சாட்சி தேடுவார்களா?

“அக்கா, இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும். பேசாம இருங்க. மாரியாயிக்கு வேற தோட்டத்துல பேர் பதிய நான் ஏற்பாடு பண்றேன். எங்க மாமா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துல கண்டாக்கு, வேலைக்கு ஆள் எடுக்கிறதே அவருதான். ஒங்க அட்டவணையில கடைசிக் குடும்பம் ஒண்ணு இருக்கே, ஆர்கன், நியோன்னு, யாரோடயும் சேராம தானுண்டுன்னு. அது மாதிரி கொஞ்சம் இருங்களேன்.”

அவர் யோசித்தார். வழிக்கு வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

“அதுல கீழ செனன்னு ஒண்ணு இருக்கே, அது போன வருஷம் இன்னொண்ணோட சேந்திருச்சுங்க. பத்திரிகையில வந்திருக்கு. எந்தப் புத்தகத்துலயும் இன்னும் மாத்தல. நாமதான் பிள்ளைங்களுக்குச் சொல்லணும்.”

தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் கெட்டுப்போன தேயிலை ஒன்று, தான் குளோரீன் காட்டியது ஒன்று என இரண்டு பொட்டலங்களோடு துரை பங்களாவுக்குப் போனார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். வராந்தாவில் நின்றபடியே எல்லாம் நடந்தது. துரை இரண்டையும் ஊற்றச் சொல்லி, சத்தமாக உறிஞ்சித் துப்பினார். அக்கா இங்கிலீஷில் நிதானமாக, கானிலிருந்து காற்றாடிவரைக்கும் சொன்னார். துரைக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற டீமேக்கரைப் பார்த்து, அந்தப் பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொள் என்றார். பிறகு அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இனி இப்படி நடக்காது என்று அவரால் உறுதி சொல்ல முடியுமா?

முடியும் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. துரையின் முகத்தைப் பார்த்தால், அதைக் கேட்டதும் போய்வரச் சொல்லிவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் பின்னாலிருந்து அவர் முந்தானையை இழுத்தேன். அக்கா, குளோரீனைப் பற்றி உறுதி சொல்ல முடியும், மற்ற வாயுக்கள் தேயிலையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது, அதனால் பொதுவாக உறுதி சொல்ல முடியாது என்றார்.

துரை கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மாரியாயி அன்று சாயங்காலமே வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்துப் பலகையை எடுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. தலையில் படங்குச் சாக்கோடு, மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசற்படியிலேயே நின்றாள்.

“நான் ஒங்களக் கேட்டேனாங்க டீச்சரம்மா?”

அக்கா கதவருகே வந்து, என்னத்தை என்று கேட்டார்.

“பேர வெட்டுனா இன்னொரு தோட்டத்துல போயி பதிஞ்சிக்குவேன். எங்க அப்பனும் ஆயியும் எத்தனை தோட்டம் மாறுனாங்க, நானும் மாறிட்டுப் போறேன். புள்ளைய இங்கயே யாரு வீட்லயாச்சும் விட்டுட்டுப் போறதாத்தான் இருந்தேன். அவ படிக்கிற ஸ்டோரு வேற எந்தத் தோட்டத்துலங்க இருக்கு?”

“நீங்க செய்யாததை நீங்க செஞ்சதாச் சொன்னாங்களே.”

“சொல்லிட்டுப் போகட்டுமே.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருக்கலாம். எனக்கு அதுவரை அக்கா மேல் இருந்த கோபம் அப்படியே மாரியாயியின் மேல் திரும்பியது. இவளுக்காகத்தானே இத்தனையும், வாசலில் நின்று கேள்வி கேட்கிறாளே என்று வாயெடுத்தேன். ஆனால் அவள் கேட்டதும் நான் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததும் ஒன்றுதான்.

அக்காவைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. என்னோடு வாதாடியதுபோல அவளோடும் இரண்டு வார்த்தை வாதாடக் கூடாதா என்றிருந்தது. பிறகு அவர் திரும்பி வீட்டுக்குள் ஒரு முறை பார்த்தார். முன்னறை, இரண்டு கட்டில், அதற்கப்பால் குசினி. பார்வை குசினியில் போய் நின்றது.

“நாளைக்குப் புள்ளைய இங்க அனுப்புங்க. மத்த புள்ளைங்களையும் வரச்சொல்லுங்க.”

மாரியாயி குசினியை எட்டிப் பார்த்தாள். புகைபோக்கி இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று வீடு பார்க்க வந்தவள் மாதிரி பார்த்தாள். பிறகு சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு, வெறகு நான் கொண்டாறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

விடியும் முன்பே என் சட்டிபானைகள் வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளிக்கு வந்திருந்தன. உள்ளே அம்மிக்கல் மேல் போத்தல்கள், அடுப்படியில் பிள்ளைகள், சுவரில் அந்த அட்டவணை. வாடை வருகிற வேலைகளை மட்டும் தொழிற்சாலை நிற்கும் நாட்களுக்கு ஒதுக்கிவைத்தார். அந்த வருஷம் மழை விட்ட நாள் குறைவு. மூன்று கல்லைக் கூட்டி, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நான் சோறு வடித்தேன். உள்ளேயிருந்து, பேரைச் சொல்லாதே, குணத்தைச் சொல் என்ற குரல் வந்துகொண்டே இருக்கும். என் குசினியைக் கொடுப்பேனா என்று என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரியும்.